இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி

மகனே, போன புதன்கிழமை நான் ஃபோனை வைத்தது கோபத்தில் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதைச் சொல்லக் கொஞ்சம் நேரம் ஆகும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நீயோ இங்கே இந்தியில் படித்ததால் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். அதனால் இந்தக் கடிதத்தை என் மருமகள் ஸ்டெல்லாவிடம் கொடு. அவள் ஊரில் தமிழ் படித்தவள், அவள் வாசிக்கட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்து கேள். அவளைப் பற்றியும் இதில் உண்டு. ஃபோனிலேயே சொல்லக்கூடாதா என்று கேட்பாய். ஃபோனில் நான் அழுதுவிடுவேன், நீ "சரிம்மா, விடும்மா" என்பாய், அதோடு பேச்சு முடிந்துவிடும். இது அப்படி விட்டுவிடுகிற காரியம் இல்லை.

அன்றைக்கு நீ கேட்டது சின்னக் கேள்வி. "எம்மா, ரெண்டு பேருக்கு எவ்ளோ அரிசி போடணும்?" என்றாய். பின்னால் குக்கர் மூடி உருளுகிற சத்தம். "என்னல, நீயா சமைக்க?" என்று கேட்டேன். "நான்தாம்மா. ஸ்டெல்லா சான்பாடா ஆபீஸ்ல இருந்து வர எட்டரை ஆயிருது. தினம் ஆர்டர் பண்ணித் தின்னு ரெண்டு பேருக்கும் வயிறு புண்ணாப் போச்சு. ஒரே குக்கர்ல எதையாவது போட்டு இறக்கிரலாம்னு பாக்கேன். அப்பா ஆளுக்கு ஒரு டம்ளர்னு சொல்வாரே, அது எந்த டம்ளர்மா?" என்றாய். அதற்கு மேல் என்னால் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பிறகு நீ ஃபோனில் பேசி அனுப்பிய குரலைக் கேட்டேன். "எதுக்கும்மா கட் பண்ண? மகன் அடுப்படிக்குப் போறது பிடிக்கலையா? ஸ்டெல்லா மேல கோபமா?" இரண்டும் இல்லை, ஐயா. நீ கேட்ட கணக்கில்தான் நான் உன் அப்பாவைத் தொலைத்தேன்.

அந்த டம்ளர் எது என்று முதலில் சொல்கிறேன். நீ சபையில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்து வாங்கிய பரிசு டம்ளர்தான் அது. உன் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுத்தார்களே, அந்தச் சின்ன எவர்சில்வர் டம்ளர். தண்ணீர் குடிக்கப் போதவில்லை என்று நீ தூக்கிப் போட்டாய். நான் அதை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டேன். அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு டம்ளர். மூன்று டம்ளர் போடுவேன், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துச் சபைக்கான பிடியரிசி டப்பாவில் போடுவேன், மீதியைக் களைவேன். நீ பார்த்ததுதான். "ஆண்டவர் ஒருத்தருக்கு ஒரு பிடி போதுமா, நமக்கு மட்டும் ஒரு டம்ளரா?" என்று உன் அப்பா கேலி செய்வார்.

உன் வீட்டில் கரண்ட் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப் இருக்கும். அதில் ஒன்றரை கப் அரிசி இரண்டு பேருக்குத் தாராளம். பருப்புச் சேர்த்தால் ஒரு கப் அரிசி, அரைக் கப் பருப்பு போதும். வேலை விட்டு வந்து துவரம்பருப்போடு மல்லுக்கட்டாதே, நேரம் பிடிக்கும். மசூர் பருப்பை வாங்கி வை, அது அரிசியோடு சேர்ந்து வெந்துவிடும். முதலில் குக்கரில் எண்ணெய் விட்டுச் சீரகம், பூண்டு, வெங்காயம் போடு. வெங்காயம் கருக வேண்டாம், நிறம் மாறினால் போதும். பிறகு தக்காளி. தக்காளி இல்லையென்றால் துளி புளி, புளியும் இல்லையென்றால் இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழி. வீட்டில் என்ன காய் வாடிக் கிடக்கிறதோ, அதை நறுக்கிப் போடு. கேரட்டும் பீன்ஸும்தான் வேண்டும் என்று எந்த அடுப்பும் கேட்பதில்லை. வெள்ளரிக்காயை மட்டும் போட்டுவிடாதே, அன்றைக்கு நீ ஃபோட்டோ அனுப்பினாயே, அது சாப்பாடு மாதிரியே இல்லை. மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு. அரிசி பருப்புக்கு மூன்று மடங்கு தண்ணீர். மூன்று விசில். ஆவி தானாக இறங்கட்டும், பசிக்கிறதென்று மூடியோடு சண்டை போடாதே. அந்த நேரத்தில் கை கால் கழுவிவிட்டு அப்பளத்தைச் சுடு.

நம் வீட்டு வழக்கப்படி புதன்கிழமை உளுந்தஞ்சோறு செய். அதுவும் ஒரே பாத்திரம்தான். தோலோடு உடைத்த தொலி உளுந்து மாட்டுங்காவில் நம் ஊர்க் கடையில் கிடைக்கும், வாங்கி அனுப்புகிறேன். கால் கப் உளுந்தை வெறும் குக்கரில் வாசம் வரும்வரை வறுத்து, ஒரு கப் அரிசி, உரித்த பூண்டு பத்துப் பல், அரை ஸ்பூன் வெந்தயம், கொஞ்சம் சீரகம், ஒரு கை தேங்காய்ப்பூ, உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, அதே மூன்று மடங்கு தண்ணீர் விட்டு மூடிவிடு. தொட்டுக்கொள்ள ஒரு முட்டையை வறுத்தால் போதும். அரிசியே வேண்டாம் என்று தோன்றுகிற நாளில், முதல் நாள் வாங்கி மிஞ்சிய பாவ் ரொட்டியைப் பிய்த்து வை. வெங்காயம் தக்காளியை நன்றாக வதக்கி இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி, பாவ் துண்டுகளை அதில் போட்டுத் தண்ணீர் தெளித்து மூடு. ஐந்து நிமிஷம். காய்ந்த கூனி இறால் இருந்தால் அதையும் ஒரு கை வறுத்துப் போடலாம். ஆனால் உன் பில்டிங்கில் பக்கத்து வீட்டார் மூக்கைப் பிடிப்பார்கள், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்.

இப்போது ஸ்டெல்லாவுக்கு ஒன்று. மகளே, இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தாதே. அப்பாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள், வீட்டில் யாருக்கும் அடுப்புப் பக்கம் போகத் தெம்பில்லை. நீ மட்டும் எழுந்து ஒரே குக்கரில் தக்காளிச் சோறு வைத்து, அதற்குள்ளேயே முட்டையை அவித்து எடுத்து எங்கள் எல்லோருக்கும் தட்டில் போட்டாய். நான் தட்டைப் பார்த்து, "சோறு தனி, குழம்பு தனின்னு இல்லாம எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிப் போட்டா அது வீட்டுச் சாப்பாடா, ஆஸ்பத்திரிச் சாப்பாடா?" என்று கேட்டேன். நீயும் விடவில்லை. "அத்தை, சோத்துக்கு ஒண்ணு, குழம்புக்கு ஒண்ணு, பொரியலுக்கு ஒண்ணுன்னு பாத்திரம் போட்டா கழுவுறது யாரு? உங்க மகனா?" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. என் மகன் தட்டைக்கூட எடுத்து வைக்காமல் வளர்ந்தவன், அப்படி வளர்த்தது நான். நீ கேட்டதில் தப்பில்லை. அன்றைக்கு அந்தச் சோற்றை நான் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன், அதையும் உன்னிடம் சொல்லவில்லை. இப்போது அவன் குக்கரை எடுத்திருக்கிறான். உப்பு கூடினால் அன்றைக்கே சொல். பிடிக்கவில்லை என்றாலும் சொல். எதையும் மறைத்துத் தின்றுவிடாதே.

மகனே, இனிமேல் உனக்கு.

நீ கல்யாணம் முடித்து ஐரோலிக்குப் போன புதிதில் நான் இரண்டு டம்ளர்தான் போட்டேன். அது உனக்குத் தெரியாது. சாயங்காலம் நான்கு மணிக்குச் சோறும் குழம்பும் வைத்துவிட்டு மாட்டுங்காவுக்கு வேலைக்குக் கிளம்புவேன். கோச்சிங் கிளாஸ் விட்டதும் அறைகளைப் பெருக்கித் துடைத்துவிட்டு வர ஒன்பது ஆகும். அப்பா பட்டறையிலிருந்து ஏழு மணிக்கு வந்து தனியாகப் போட்டுச் சாப்பிடுவார். ஒரு நாள் நீ சொல்லாமல் கொள்ளாமல் வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அன்று லீவு. பானையைத் திறந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்குத்தான் இருக்கு போல. பரவால்லம்மா, நான் ஸ்டேஷன்ல வடா பாவ் தின்னுக்கிடுதேன்" என்று சிரித்துக்கொண்டே நம் மாடி அறையிலிருந்து இரும்பு ஏணியில் இறங்கிப் போனாய். நீ அதை அன்றைக்கே மறந்திருப்பாய். நான் பெற்ற பிள்ளை என் வீட்டிலிருந்து பசியோடு போனான் என்று எனக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. மறுநாளிலிருந்து மூன்று டம்ளர் போட்டேன். ஐரோலி என்ன சீமையா, எந்த நாளும் வருவான் என்று நினைத்தேன்.

முதல் வாரம் நான் வேலை முடிந்து வந்து பானையைத் திறந்தால், உன் பங்கு அப்படியே இருக்கும். மேலே லேசாகக் காய்ந்து, கரண்டி படாமல். அதைப் பார்த்ததும் உட்கார்ந்து அழுவேன். உன் அப்பா பேச்சு தெரியாத மனுஷன், அது உனக்கே தெரியும். "ஏட்டி, பையன் நல்லாத்தான இருக்கான். சோத்தப் பார்த்து யாராவது அழுவாளா?" என்பார். இரண்டாம் வாரம் ஒரு நாள் வந்து பார்த்தால், எனக்கு மட்டும் ஒரு தட்டில் எடுத்து மூடி வைத்திருக்கிறது. பானை கழுவிக் கவிழ்த்திருக்கிறது. "எங்க மீதிச் சோறு?" என்று கேட்டேன். "கீழ கார்கானால வேல பாக்குற பயலுவளுக்குக் குடுத்துட்டேன். பாவம், பீகார்ல இருந்து வந்து கெடக்கானுவ" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் மகனுடைய பங்கை நான்கு ஏழைப் பிள்ளைகள் தின்கிறார்கள், ஆண்டவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று நினைத்தேன். வாழ்நாளில் ஒரு டம்ளர் கழுவாத மனுஷன் பானை கழுவுகிறாரே என்று பெண்கள் கூட்டத்தில் பெருமையாகவும் சொன்னேன். அன்றிலிருந்து மூன்று வருஷம், தினமும் மூன்று டம்ளர். ஒரு நாளும் குறைக்கவில்லை.

அவருக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசு டாக்டர் என்னிடம், "ராத்திரி எவ்வளவு சாப்பிடுவார்?" என்று கேட்டார். "ஒரு டம்ளர் அரிசிச் சோறு, டாக்டர். கூட ஒரு பருக்கை கிடையாது. நான்தானே அளந்து போடுகிறேன்" என்று அடித்துச் சொன்னேன். அவர் கட்டிலில் கிடந்தபடி என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நீயும் கால்மாட்டில் நின்றாய். வலியில் திரும்பினார் என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் போய் மூன்றாவது வாரம், நான் எழுந்து முதல்முதலாக உலை வைத்தேன். அன்று புதன்கிழமை. அவர் செய்த தர்மம் அவரோடு நின்றுவிடக்கூடாது என்று நினைத்து, உளுந்தஞ்சோற்றை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு கீழே கார்கானாவுக்குப் போனேன். அதுவரை நான் அந்த வாசலில் நின்றதில்லை, ஆம்பிளைகள் இருக்கிற இடம் என்று. எட்டுப் பேர் ஒரு பெரிய தேக்சாப் பானையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, எல்லாம் ஒன்றாக வெந்த கிச்சடி. அவர்களுடைய மாஸ்டர் எழுந்து வந்து, "க்யா ஹை சாச்சி?", என்ன வேண்டும் சித்தி என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில், என் வீட்டுக்காரர் தினமும் கொடுப்பாரே, இனி நான் கொடுக்கிறேன் என்றேன். அவர் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தார். எங்களுக்கு யாரும் ஒரு நாளும் சாப்பாடு கொடுத்ததில்லை சாச்சி, எங்களுக்கு எங்கள் பானைதான் என்றார். பிறகு, ஒளிக்கத் தெரியாத ஒருவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான்: சாச்சா சாப்பிட்டு முடித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இந்தச் சந்தில் பத்துத் தடவை நடப்பார், ஏன் சாச்சா இவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார். அவன் கேலியாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான். மாஸ்டர் அவனை அதட்டிவிட்டு என் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டார். வாங்காவிட்டால் நான் விழுந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்த ஏணியில் நான் எப்படி ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. வந்து கழுவின பானையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொட்டினால் வாசல் குப்பையில் நான் பார்ப்பேன். வைத்திருந்தால் நான் அழுவேன். 'போடாதே' என்று சொன்னால், மகன் வரமாட்டான் என்று அவர் வாயால் சொன்னது மாதிரி ஆகும். அதனால் தின்றிருக்கிறார். சர்க்கரைக்காரர், மூன்று வருஷம், தினமும் இரண்டு ஆள் சோறு. எனக்கு வாயால் ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷன் அதைத் தின்று தீர்த்திருக்கிறார்.

நான் ஏன் இதை எட்டு மாதம் கழித்துச் சொல்கிறேன் என்று கேள். நாற்பதாம் நாள் ஜெபத்தில், சொந்தக்காரர் எல்லோரும் இருக்கும்போது நீ சொன்னாய்: "அப்பா வாயக் கட்டல. வெளில வடா பாவ், ஜிலேபின்னு ஒளிச்சி ஒளிச்சித் தின்னுருப்பாரு. அம்மா பாத்துப் பாத்துத்தான் போட்டா. அவ என்ன செய்வா?" எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் டீத் தட்டோடு அங்கேதான் நின்றேன். அப்போது எனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்னைத்தானே பார்ப்பீர்கள் என்று பயந்தேன். மண்ணுக்குள் போன மனுஷன் மேல் பழியைப் போட்டுவிட்டு, நான் எல்லோருக்கும் சர்க்கரை போட்ட டீ கொடுத்தேன். அதற்குப் பிறகும் நீ இரண்டு மூன்று பேரிடம் அதையே சொன்னாய். ஒவ்வொரு தடவையும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

உன் அப்பா வெளியில் எதையும் தின்னவில்லை, மகனே. உன் பங்கைத் தின்றார். இதை நீ உன் சித்தப்பாவிடமும், அன்று தலையாட்டின எல்லோரிடமும் சொல்ல வேண்டும். நானும் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூட்டத்தில், அவர் பானை கழுவினதைப் பெருமையாகச் சொன்ன அதே இடத்தில் எழுந்து நின்று சொல்வதாக இருக்கிறேன். சொல்ல முடியாமல் உட்கார்ந்துவிடவும் கூடும். நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் இருப்பாய். இருந்துகொள். ஆனால் 'நான் வீட்டை விட்டுப் போனதால்தானே அப்பா செத்தார்' என்று மட்டும் நினைக்காதே. கல்யாணம் ஆனவன் போகத்தான் வேண்டும். நீ அன்று வடா பாவ் தின்னத்தான் போனாய், மூன்றாவது டம்ளரைப் போட்டது என் கை. மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை, புண்ணைக் கவனிக்கவில்லை, சோறு ஒன்றே காரணம் இல்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். அது டாக்டருக்குத் தெரிந்த கணக்கு. எனக்குத் தெரிந்தது என் டம்ளர்.

அதனால்தான் உனக்கு இவ்வளவு சொல்கிறேன். எத்தனை பேர் சாப்பிடுவார்களோ அத்தனை பேருக்குப் போடு. ஸ்டெல்லா ஆபீஸில் சாப்பிட்டுவிட்டு வருகிறாள் என்றால் முக்கால் கப் போடு. எப்படியும் ஒரு வாய் சாப்பிடுவாள் என்று நீயாக நினைத்துக்கொண்டு போடாதே, கேட்டுப் போடு. மிஞ்சினால் மிஞ்சட்டும், பானையிலேயே இருக்கட்டும், அவள் கண்ணில் படட்டும். ஒருத்தரை ஒருத்தர் அழவிடக் கூடாது என்று எதையும் கழுவிக் கவிழ்த்து வைக்காதீர்கள். எட்டரை ஆனாலும் குக்கரை நடுவில் வைத்து இரண்டு பேரும் சேர்ந்து உட்காருங்கள். நானும் அவரும் வேலைநாளில் சேர்ந்து சாப்பிட்டதில்லை. ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்பாய். இந்த எட்டு மாதமும் என் கை மூன்று டம்ளர்தான் எடுக்கிறது. எடுத்த பிறகு புத்தி வருகிறது, இரண்டைப் பிடியரிசி டப்பாவில் கொட்டிவிடுகிறேன். போன மாதம் அரிசி வாங்க வந்த சபைப் பெரியவர் டப்பாவைத் தூக்கிப் பார்த்து, "என்னம்மா, வீட்ல ஒரு ஆளுதான், டப்பா மட்டும் முன்னவிடச் சீக்கிரம் ரொம்புதே?" என்றார். நான் அரிசியை அவர் பையில் கொட்டிக் கொடுத்தேன்.

இந்தக் கடிதத்தையும் டம்ளரையும் ஐரோலிக்கு வேலைக்குப் போகிற நம் சபைக்காரர் கையில் கொடுத்து விடுகிறேன். உன் பெயர் போட்ட டம்ளர்தான். அதில் இரண்டு, உங்கள் இரண்டு பேருக்கு. ஒரு பிடி எடுத்து வைப்பதும் வைக்காததும் உன் இஷ்டம். அது இங்கே இருந்தால் என் கை மறுபடி மூன்று எடுக்கும். இனி நான் கையால் அள்ளிப் போடுகிறேன், ஒரு ஆளுக்கு அது போதும்.

சனிக்கிழமை நீங்கள் வருவதாக இருந்தால் சாயங்காலம் நான்கு மணிக்குள் ஃபோன் செய், மூன்று பேருக்குப் போடுகிறேன். வரவில்லை என்றாலும் ஃபோன் செய். "வரலம்மா" என்று வாயால் சொல். நான் ஒருத்திக்குப் போட்டுக்கொள்கிறேன்.

அம்மா